ஒன்பதாம் பலகை

முதலில் மணல்.
க்யூர்பீப்பில் மழை விடுகிற நாள் அபூர்வம்,
யார் வந்தாலும் செருப்படியில் கொஞ்சம் தோட்டமும் கூட வரும்.
ஒரு துகள் போதும்.
அதன்மேல் நாற்காலி நகர்ந்தால்
மரத்தில் கோடு விழும், என் தலையில் பழி விழும்.
பெருக்கு, மறுபடி பெருக்கு,
மூலையில் விரல் வைத்துப் பார்.

தண்ணீர் ஆகாது.
நடுவில் உதவிக்கு வந்த ஒரு பெண்
வாளியோடு நுழைந்து சளசளவென்று கழுவிவிட்டாள்.
சிமெண்டுத் தரையில் வளர்ந்த பிள்ளை, பாவம்.
மூன்றே நாளில் பலகைகள் ஓரம் தூக்கிக்
கிண்ணம் கிண்ணமாய்க் குழிந்தன.
நான்காம் நாள் அவள் வரவில்லை.
துணியைப் பிழி.
இனிச் சொட்டாது என்று தோன்றும்போது
இன்னொரு முறை பிழி.

பிறகு மெழுகு.
வெந்நீர்ச் சட்டிக்குள் டப்பாவை இறக்கி உருக்கிய தேன்மெழுகு,
அடுப்பை அணைத்த பிறகு டர்பன்டைன்.
ரேகை போகும் திசையில்தான் கை போகவேண்டும்.
குறுக்கே தேய்ப்பது
பூனையை வாலிலிருந்து தலைக்குத் தடவுவது.

அப்புறம் மட்டை.
பாதியாய் அரிந்த தேங்காய் மட்டை,
நார் கீழே, என் வலது கால் மேலே.
இடது கால் சும்மா நிற்கும், முதலாளி மாதிரி.
இடுப்பு போய் வரும், போய் வரும்,
வரவேற்பறை, சாப்பாட்டறை, நடை,
இருபத்திரண்டு வருடம்.
இப்போது என் வலது கெண்டைக்கால் ஏதோ ஓர் ஆணுடையது.
ஜோடியில் ஒன்றைப் பெரிதாய்த் தா என்றால்
செருப்புக் கடைக்காரன் சிரிக்கிறான்.
தூக்கத்திலும் கால் தானாய்ப் போய் வருகிறது.
"படுக்கைக்கும் மெழுகு போடுகிறாயா, தைலம்மா?" என்று
கிஸ்ணன் சுவரோரம் ஒதுங்குகிறான்.

இதெல்லாம் மதாம் ஒதீலுக்குத் தெரியும்.
தெரியாதது ஒன்று.

நடையில், சாப்பாட்டறை வாசலிலிருந்து எண்ணினால்
ஒன்பதாவது பலகை.
மிதித்தால் கிரீச் என்று கத்தும்.
தச்சர் மமோத் வரும்போதெல்லாம்
ஜன்னலைக் காட்டுவேன், கதவைக் காட்டுவேன்,
கூரையில் ஒழுகும் இடத்தைக் காட்டுவேன்.
அந்தப் பலகையின்மேல் நின்றுகொண்டே
அசையாமல் காட்டுவேன்.

பதினோரு மணிக்கு
அலமாரியில் முதுகு சாய்த்துக் கால் நீட்டி உட்கார்வேன்.
நானே மினுக்கிய தரை, என்னையே காட்டும்.
காகிதப் பொட்டலத்தில் நான்கு காத்தோ பிமா.
கிரீச் என்றதும்
துகளைத் தட்டி, வாயைத் துடைத்து,
காலை மட்டையில் ஏற்ற
நேரம் சரியாய் இருக்கும்.
சின்னவர் பத்ரீஸ் பள்ளிக்கூடப் பையனாய் இருந்தபோதே
அதை எட்டித் தாண்டக் கற்றுக்கொண்டார்.
ஒரு கால்தூரம்தான், யாரும் தாண்டலாம்.
மதாம் மட்டும் ஒருநாளும் தாண்டியதில்லை.

போன ஜூலையில் அதே பத்ரீஸ்
பிரான்சிலிருந்து வந்தார், பெட்டியில் துளைக்கருவியோடு.
"அம்மா தடுக்கி விழுவாள்."
மூன்று திருகாணி. பத்து நிமிஷம்.
தரை வாயடைத்துப் போனது.

மறுநாள் பதினோரு மணி.
என் வாய் நிறைய மிளகாய்.
நிமிர்ந்தால் வாசலில் மதாம், கைத்தடியோடு.
நான் எழவில்லை, எழ மறந்தேன்.
அவள் பார்வை பொட்டலத்தில் விழுந்தது, பிறகு ஜன்னலில்.
"மழை," என்றாள்.
"ஆமாம், மதாம்."
திரும்பிப் போய்விட்டாள்.

அடுத்த நாளிலிருந்து
எண்பத்தோரு வயதில் அவளுக்குப் புதிதாய் ஓர் இருமல்.
படுக்கையறையில் இல்லை, கோயிலில் இல்லை,
நடையில் மட்டும்.
வாசலுக்கு ஒன்பது பலகை முன்னால்,
நின்று, நிதானமாய், இரண்டு தடவை.

சளியா என்று நான் கேட்கவில்லை.
அவள் நிற்கும் அந்த இடத்தில்
மெழுகை மட்டும் கொஞ்சம் குறைத்துப் போடுகிறேன்,
வழுக்கிவிடக் கூடாது.